குரக்கனோடு மூன்று மாதம்

குரக்கனை, அதாவது கேழ்வரகை, எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுதானியம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அதை அமிர்தம் என்றுதான் தொடங்குகிறார்கள். எனக்கு அது தொண்டையில் இறங்க மறுக்கும் ஒரு மண்ணிறப் பொருள். இருந்தும் இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஏப்ரலிலிருந்து ஜூலை வரை அதைத் தின்றேன். கட்டாயப்படுத்தியது என் இரத்தம்.

டுசல்டோர்ஃபில் எங்கள் குடும்ப வைத்தியர் ஒரு ஜேர்மன் பெண்மணி. ஆறுதல் சொல்லும் பழக்கம் இல்லாதவர். எனக்குப் பதினொரு வருடமாகச் சீனி வருத்தம், தினமும் குளிசை விழுங்கி வந்தேன். நாட்பட்ட நோயாளருக்கான திட்டத்தில் கையெழுத்து வைத்திருந்ததால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் இரத்தம் கொடுத்து, ஒரு படிவத்தில் பெட்டிகளுக்குப் புள்ளடி போட வேண்டும். அந்த ஏப்ரலில் என் மூன்று மாதச் சீனிச் சராசரி எட்டுத் தசம் எட்டு. வைத்தியர் படிவத்தைத் திருப்பி வைத்துவிட்டு, "அடுத்த முறை இது எட்டுக்குக் கீழே வராவிட்டால் இன்சுலின் தொடங்குகிறோம்" என்றார்.

ஊசிக்குப் பயப்படுகிற ஆள் இல்லை நான். என் இரண்டு கைகளும் நடுங்கும், அதுதான் சிக்கல். தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துத்தான் குடிப்பேன். கையெழுத்து வைப்பதற்கு முன் மணிக்கட்டை மேசையில் அழுத்திக்கொள்ள வேண்டும். நானே எனக்கு ஊசி போட முடியாது. என் மனைவி இரத்தத்தைக் கண்டாலே நிலத்தில் இருந்துவிடுகிற ஆள். ஆகவே வீட்டுக்கு வரும் தாதி. அந்த நடைமுறை எனக்கு அத்துப்படி. வைத்தியரின் பரிந்துரைச் சீட்டு, காப்புறுதியின் அனுமதி, தாதிச் சேவையோடு ஒப்பந்தம், வீட்டுச் சாவியில் ஒரு பிரதி. காலையில் ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வருவார்கள். அதுவரை சாப்பிடக் கூடாது, வெளியே போகக் கூடாது. இந்த நகரத்து எங்கள் ஆட்களுக்கு இருபது வருடமாக அன்ட்ராக் என்கிற விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவன் நான். ஒருகாலத்தில் பஸ் ஓட்டிய மனிதர் ஒருவர், உடுப்பு மாற்றாமல், வாசல் மணிக்குக் காது கொடுத்தபடி கதிரையில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவருக்கான படிவத்தை நிரப்பியது நான். எனக்கும் அதை நிரப்ப நான் தயாராக இல்லை.

அந்த வாரச் சனிக்கிழமை மனைவி இரண்டு பைக்கற் மாவோடு வந்தாள். தமிழ்ப் பாடசாலை நடக்கிற தேவாலய மண்டபத்தின் பின்னறையில், பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோருக்கு ஒருவர் பாரம்பரிய உணவு பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார். வார நாட்களில் அவருக்குக் கார் உதிரிப்பாகக் கிடங்கில் வேலை. சனிக்கிழமைகளில் மட்டும் உணவு அறிஞர். பேச்சு முடிந்ததும் அவருடைய காரின் பின்கதவு திறக்கும். உள்ளே மாப் பைக்கற்றுகள் அடுக்கியிருக்கும்.

"இஞ்சாருங்கோ, இனி விடியப் பாண் இல்லை. குரக்கன்தான்" என்றாள் மனைவி.

"ஆர் சொன்னது?"

"ஹோலில கதைச்சவர். சீனி வருத்தம் அடியோட போயிடுமாம்."

"போற இடத்தின்ர விலாசமும் தந்தவரோ?"

"உங்களோட கதைக்கேலாது. ஊசி வேணுமெண்டா விடுங்கோ."



குரக்கனோடு எனக்குப் பழைய பகை உண்டு. எழுபதுகளின் முற்பகுதியில் இலங்கை அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியபோது நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், உணவுப் பகுதி எழுதுவினைஞர். கோதுமைப் பாணுக்குச் சனம் இருட்டோடு போய் வரிசையில் நின்ற காலம். கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் சுற்றறிக்கைகள் வரும்: குரக்கன் உண்ணுங்கள், சாமை உண்ணுங்கள், உள்ளூர்த் தானியமே உடலுக்கு உறுதி. அவற்றைத் தமிழாக்குவது என் மேசை வேலை. சுண்ணாம்புச் சத்து, நார்ச்சத்து, இரும்புச் சத்து என்று அடுக்கி எழுதுவேன். எழுதி முடித்து வீட்டுக்குப் போனால் அதுவே தட்டில் இருக்கும். மற்றவர்களுக்குப் பரிந்துரைத்ததை நானும் தின்ன வேண்டியிருந்த ஒரே காலம் அது. கோதுமை மா திரும்பக் கடைக்கு வந்த நாளில் குரக்கனைப் பெயரோடு மறந்துவிட்டேன். எங்கள் ஊரில் அநேகமாக எல்லாரும் அப்படித்தான். இப்போது பாரம்பரியம் என்று மண்டபத்தில் உருகுகிற பலருடைய தாய்மார் அன்றைக்கு எங்கள் கந்தோர் வாசலில் நின்று, "ஐயா, மா எப்ப வரும்?" என்று கேட்டவர்கள்.

அடுத்த சனிக்கிழமை நானும் மண்டபத்துக்குப் போனேன். அறையில் முப்பது பேர் இருந்தார்கள். பேச்சாளருக்கு ஐம்பது வயதிருக்கும். வேட்டி கட்டியிருந்தார். வெளியே மழை, பத்துப் பாகை குளிர்.

"எங்கட ஆக்கள் குரக்கனும் சாமையும் வரகும் சாப்பிட்ட காலத்தில சீனி வருத்தம் எண்டு ஒண்டு கேள்விப்பட்டிருக்கிறியளோ?" என்று கேட்டார்.

"தம்பி, அந்தக் காலத்தில சீனி அளக்கிற மெசினையும் கேள்விப்படேல்லை" என்றேன் பின்வரிசையிலிருந்து.

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணை, நீங்கள் எல்லாத்துக்கும் ஃபோம் கேக்கிற ஆள். சாப்பாட்டுக்கு ஃபோம் இல்லை. மூண்டு மாதம் குரக்கன் சாப்பிடுங்கோ, பிறகு குளிசையைத் தூக்கி எறியலாம்."

"எந்தத் தொட்டிக்குள்ள? மஞ்சளுக்குள்ளயோ, சாம்பலுக்குள்ளயோ?"

இந்த நாட்டில் குப்பையைத் தொட்டியின் நிறப்படி பிரிக்கத் தெரியாதவன் இல்லை. ஆகவே எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் பேச்சு முடிந்ததும் அதே ஆட்கள்தான் கார்ப் பின்கதவைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் இரண்டு பேருடைய மருந்துச் சீட்டுகளை நான் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் குளிசையை விட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அந்த மனிதரை எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் சொன்னதில் பாதி சரி என்பது எரிச்சலை இன்னும் கூட்டியது. நகர நூலகத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தவிடோடு அரைபடுவதால் குரக்கனில் நார் அதிகம், வெள்ளை மாவைவிட மெல்லச் செரிக்கும், சுண்ணாம்புச் சத்தும் நிறைய உண்டு. கோதுமை ஒத்துக்கொள்ளாத வயிற்றுக்காரருக்கு அதில் பயம் இல்லை. மழை குறைந்த நிலத்திலும் விளையும், மூட்டையில் நெடுநாள் கெடாமல் கிடக்கும். தினமும் தின்னத்தக்க நல்ல தானியம்தான். ஆனால் மாச்சத்து மாச்சத்துதான். மெல்ல ஏறினாலும் சீனி ஏறத்தான் செய்யும். இந்த வசனம் அந்தப் பேச்சில் ஒருமுறையும் வரவில்லை.

குளிசையை விடாமல், காலையில் பாணுக்குப் பதில் குரக்கன் பிட்டு என்று தொடங்கினோம். ஒவ்வொரு நாளும் ஒரே கோப்பையால் அளந்து ஒரே அளவு. சாப்பிடுவதற்கு முன் விரலில் குத்தி ஒரு அளவு, இரண்டு மணித்தியாலம் கழித்து இன்னொன்று. கட்டம் போட்ட தாளில் எழுதினேன். நடுங்கும் கையால் விரலைக் குத்துவது சுலபமில்லை. மூன்று முறை குத்தினால் ஒரு முறை சரியாக வரும். பாண் தின்ற நாட்களில் இரண்டாவது எண் இருநூற்று நாற்பதைச் சுற்றி இருந்தது. குரக்கன் பிட்டுக்கு இருநூற்று முப்பத்தைந்து, நாற்பது, ஒரு நாள் நாற்பத்தைந்து. மூன்று வாரம் போயும் எண் அசையவில்லை.

பிட்டு நன்றாக இருந்தது. அதுதான் என் சந்தேகத்தின் தொடக்கம். மெத்தென்று, உதிராமல், சம்பலோடு சுகமாக இறங்கியது. எழுபதுகளில் நான் தின்றது அப்படி ஒருநாளும் இறங்கியதில்லை. விற்கிறவன் கோதுமை மா கலக்கிறான் என்று முடிவு செய்தேன். கலந்தால்தானே சனம் திரும்பத் திரும்ப வாங்கும். எனக்கு எட்டு வாரம் மிச்சம். இவனுடைய மோசடியில் நாலு வாரம் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை காரடியில் அவரைப் பிடித்தேன்.

"தம்பி, உந்தப் பைக்கற்றுக்குள்ள என்ன இருக்கு?"

"குரக்கன்."

"வேறை?"

"வேறையும் குரக்கன்தான்."

"கோதுமை மா எவ்வளவு?"

கையில் இருந்த பைக்கற்றை அவர் கீழே வைத்தார்.

"அண்ணை, வயசுக்கு மூத்தவர் எண்டபடியால சும்மா விடுறன். என்ர பிள்ளையள் மேல சத்தியமா ஒரு சிட்டிகை கலப்பில்லை."

"சத்தியத்தை லேபிளில அடிக்கேலாது. எங்கை லேபிள்?"

பைக்கற்றில் இருந்தது ஒரு மாட்டுச் சோடியின் படமும் தமிழில் ஒரு வரியும் மட்டும்: 'குரக்கன் மா. நீரிழிவைக் குணப்படுத்தும்.' ஜேர்மன் மொழியில் ஒரு எழுத்து இல்லை. உட்பொருள் இல்லை, நிறை இல்லை, காலாவதித் திகதி இல்லை, பொறுப்பாளர் விலாசம் இல்லை. நோயைக் குணப்படுத்தும் என்று உணவின் மேல் எழுதுவது இந்த நாட்டில் தனியாகவே குற்றம். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பதினெட்டு வருடம் ஆவணங்கள் தயாரித்தவன் நான். அந்தப் பைக்கற்றைப் பார்க்க எனக்கு உடம்பு கூசியது.

"உங்களுக்கு விருப்பமில்லாட்டி வாங்காதேங்கோ. உங்கட வருத்தம் குரக்கனால போகாது, அது வேற வருத்தம்" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் இந்த முறை அவர் பக்கம் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை நகராட்சியின் உணவுக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதினேன். விற்பனை நடக்கும் இடம், நாள், நேரம், பைக்கற்றின் விவரம், கலப்படம் பற்றிய சந்தேகம், என் பெயர், தொலைபேசி இலக்கம். பாதிப் பைக்கற்றை மாதிரியாக இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை. வழக்கமாக மனைவி பிட்டு அவிக்கும் நேரம் நான் குளிப்பேன். அன்று கட்டடப் பராமரிப்பாளர் குளியலறைக் குழாயைத் திருத்துவதற்குத் தண்ணீரை நிறுத்தியிருந்தார். ஆகவே குசினிக்குள் போனேன். மேசையில் அகலமான பாத்திரம். ஒரு பக்கம் மண்ணிற மா, மறுபக்கம் வெள்ளை மா, இரண்டும் சரிபாதி. அவள் சுடுதண்ணீர் ஊற்றப்போனாள்.

"உது என்ன?" என்றேன்.

"எது?"

"உந்த வெள்ளை."

"அவிச்ச கோதுமை மா."

"என்னத்துக்கு?"

"என்னத்துக்கோ? பிட்டுக்கு."

"குரக்கன் பிட்டுக்கோ?"

"வேற எப்பிடிக் குரக்கன் பிட்டு அவிக்கிறது? பாதிக்குப் பாதிதான். தனிக் குரக்கனை ஆர் சாப்பிடுறது? தொண்டையில நிக்குமெல்லே."

நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

"இவ்வளவு நாளும் கலந்தனீரோ?"

"நான் ஒண்டும் கலக்கேல்லை. குரக்கன் பிட்டு அவிச்சனான்." அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கலக்கிறது எண்டு கள்ளச் சாமான் விக்கிறவன் மாதிரிக் கேக்கிறியள். எங்கட வீட்டில அப்பிடித்தான். உங்கட வீட்டிலயும் அப்பிடித்தான். போய் ஆரையும் கேளுங்கோ."

ஆரையும் கேட்கத் தேவை இல்லை. அவள் சொன்னது சரி. எங்கள் ஆட்களில் குரக்கன் பிட்டு என்றால் கோதுமை மா சேர்ந்த பிட்டு. குரக்கன் ரொட்டியும் அப்படியே. சோற்றுக்கு உப்புப் போடுவது போல, அதை யாரும் கலப்பு என்று எண்ணுவதில்லை, சொல்வதுமில்லை. மாவுக்குத் தட்டுப்பாடான அந்தச் சில வருடங்கள்தான் விதிவிலக்கு. அப்போது கலக்க வெள்ளை மா கிடைக்காததால் அது என் தொண்டையில் நின்றது. இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், அறுபத்தாறு வயதுவரை பிட்டுக்கு மா குழைக்கும் நேரத்தில் நான் குசினிக்குள் நின்றதில்லை. அந்த மண்டபத்தில் மா வாங்கிப்போன முப்பது குடும்பமும் அதையே செய்துகொண்டிருக்கும். பாதி வெள்ளை மாவைத் தின்றுகொண்டு குளிசையை எறிய நாள் பார்த்திருப்பார்கள்.

"இனித் தனிக் குரக்கன்" என்றேன்.

"உங்களுக்கு ஏலாது."

"ஊசியும் ஏலாது."

வீட்டில் மிச்சம் இருந்த மா நாலு நாளுக்குத்தான் காணும். அந்த நாலு நாளும் தனிக் குரக்கன் பிட்டு தின்றேன். மணல் மாதிரி உதிர்ந்தது. இரண்டு வாய்க்கு ஒரு மிடறு தண்ணீர் தேவைப்பட்டது. வழக்கமான அளவில் அரைவாசி தின்பதற்குள் வயிறு நிரம்பிவிட்டது. சுற்றறிக்கைகளில் நான் எழுதாமல் விட்ட நன்மை இதுதான்: குரக்கனை அளவுக்கு மேல் தின்ன முடியாது. மதியம்வரை பசியும் எடுக்கவில்லை. இரண்டாவது எண் நூற்று எழுபத்தெட்டு, நூற்று எண்பத்திரண்டு, நூற்று எழுபத்தாறு, நூற்று எண்பது. கருவி பழுதாகிவிட்டதோ என்று மனைவியின் விரலிலும் குத்திப் பார்க்க நினைத்தேன். அவள் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமையே, அதாவது இரண்டாம் நாள், அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து முறைப்பாட்டை மீளப் பெறுகிறேன் என்றேன். எடுத்த உத்தியோகத்தர் மரியாதையாகப் பேசினார். முறைப்பாட்டை மீளப் பெற முடியாது. தகவல் கிடைத்தால் பரிசோதிப்பது அலுவலகத்தின் கடமை. பரிசோதகர் போன சனிக்கிழமையே போய்விட்டார். மாவில் கோதுமை இல்லை. ஆனால் லேபிள் விதிப்படி இல்லாததால் விற்பனை நிறுத்தப்பட்டிருக்கிறது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஒரு சொல் மாற்றாமல் இதையே சொல்லியிருப்பேன். கடிதத்துக்கு நன்றி என்றும் சொன்னார்.

இப்படியாக எனக்கு உதவுகிற ஒரே மாவின் விற்பனையை நானே நிறுத்திவிட்டேன். வைத்தியரிடம் போக ஆறு வாரம் இருந்தது.

இந்தியக் கடைக்குப் போனேன். காசு மேசையில் இருந்த மதுரைப் பையன், "ராகியா சார்? ஸ்டாக் இல்ல சார். நெக்ஸ்ட் கண்டெய்னர்ல ஷ்யூரா வந்துரும்" என்றான். கண்டெய்னர் எப்போது வரும் என்றால் மேலே பார்த்தான். ஹம்பேர்க் பிரதான புகையிரத நிலையத்துக்குப் பக்கத்துக் கடையொன்றுக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கும் அதே கண்டெய்னர்தான். கடைசியில் ஜேர்மன் ஆரோக்கிய உணவுக் கடை ஒன்றில் தினை மாதிரியான தானியம் கேட்டேன். விற்பனைப் பெண், "பறவைகளுக்கா, உங்களுக்கா?" என்றாள். எனக்கு என்றேன். பறவைகளுக்கு என்றால் பக்கத்துக் கடையில் கதிரோடு கிடைக்கும் என்று அக்கறையாகச் சொன்னாள். அவள் தந்தது ஹிர்ஸ என்கிற மஞ்சள் மணி. தோல் முழுக்க நீக்கியது, பனிவரகின் வகை. சோறு மாதிரி அவித்துத் தின்றேன். குற்றம் சொல்ல முடியாத ருசி. எண் இருநூற்று ஐந்து. பாணைவிடப் பரவாயில்லை, ஆனால் எனக்குப் போதாது.

ஆகவே ஒரு பின்னேரம் அந்த மனிதர் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் வழி விடவில்லை.

"வாங்கோ எண்டு சொல்லமாட்டன்" என்றார்.

"தேவையில்லை. லேபிள் எழுத வந்தனான்."

"நீங்கள்தான் எழுதிப் போட்டது எண்டு தெரியும்."

"பேர் போட்டுத்தான் எழுதினனான். மொட்டைக் கடிதம் எழுதிற பழக்கம் எனக்கில்லை."

"என்ர மாவில கோதுமை இருந்ததோ?"

"இல்லை."

"அப்ப எங்கை இருந்தது?"

"என்ர வீட்டுக் குசினியில. மனிசி பாதிக்குப் பாதி போட்டு அவிச்சிருக்கிறா."

 அவர் உள்ளே திரும்பி, "இஞ்சை வாரும், வந்து இதைக் கேளும்!" என்று தன் மனைவியைக் கூப்பிட்டார். அந்தப் பெண் ஈரக் கையோடு வந்து நின்றாள். "இப்ப சொல்லுங்கோ அண்ணை, எங்கை இருந்தது?" என்றார். இரண்டாம் முறையும் சொன்னேன். மூன்றாவது முறை கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். எனக்கு மா வேண்டும்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அதில என்ன பிழை? நானும் அப்பிடித்தானே அவிக்கிறனான்" என்றாள் கணவனைப் பார்த்து.

அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். அதன் பிறகுதான் உள்ளே விட்டார்கள். தேநீர் தரவில்லை.

அவருடைய கணினியில் நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். பொருளின் பெயர், உட்பொருள் நூறு வீதம் குரக்கன் மா, நிறை, காலாவதித் திகதி, பொறுப்பாளர் பெயரும் விலாசமும், எல்லாம் ஜேர்மன் மொழியில். தமிழ் வரிக்கு வந்தோம்.

"'நீரிழிவைக் குணப்படுத்தும்' எண்டதை எடுங்கோ."

"அதை எடுத்தா என்ன மிச்சம்?"

"குரக்கன் மா."

"வெறும் குரக்கன் மாவுக்கு ஆர் வருவினம்?"

"பசிக்கிற ஆக்கள். அந்த வரி இருந்தா பரிசோதகர் திரும்பவும் வருவார், நான் எழுதாமலே."

அழித்தார். நிலவறையில் அவருக்கு அடுக்கடுக்காக மூட்டைகள் கிடந்தன. வேறு வழி இல்லை.

"இன்னொண்டு. ஹோலில குளிசையை எறியச் சொல்லுறதையும் நிப்பாட்டுங்கோ."

"நான் வாயால என்ன கதைக்கிறன் எண்டது லேபிளில வராது. அதுக்கும் உங்களிட்டைச் சட்டம் இருக்கோ?"

இல்லை. எனக்குத் தெரிந்த எந்த அலுவலகத்துக்கும் அது பொறுப்பு அல்ல. பின்னறையில் முப்பது பேருக்கு முன் ஒருவர் சொல்லுகிற முட்டாள்தனத்துக்கு இந்த நாட்டில் படிவம் கிடையாது. நான் எழும்பினேன்.

"அப்ப லேபிளை நீங்களே கொண்டுபோய் அலுவலகத்தில காட்டுங்கோ. சந்திக்க டெர்மின் எடுக்கிற போன் இலக்கம் தாறன். அவையோட ஜேர்மனில கதைச்சுக்கொள்ளுங்கோ."



"என்னத்தைச் சொல்லச் சொல்லுறியள்?" என்றார் கடைசியில்.

"டொக்டரைக் கேக்காமல் குளிசையை விடாதேங்கோ எண்டு. கோதுமை மா போடாமல் அவியுங்கோ எண்டும்."

"அது எல்லாரும் சாப்பிடமாட்டினம்."

"ஓம். நானும்தான் விரும்பிச் சாப்பிடேல்லை."

அலுவலகத்துக்கு நானே அவரோடு போனேன். டிராமில் இருவரும் வேறு வேறு இருக்கையில் இருந்தோம். பத்து நாளில் விற்பனைத் தடை நீங்கியது. அதற்குப் பிறகு ஜூலைவரை ஒவ்வொரு காலையும் தனிக் குரக்கன். ஒருநாள் பிட்டு, ஒருநாள் உறைப்புப் போட்ட கூழ், ஒருநாள் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு, தடித்த அட்டை மாதிரி ஒரு ரொட்டி. மனைவி தனக்கு மட்டும் பாதிக்குப் பாதி அவித்து என் முன்னாலேயே சாப்பிட்டாள். அவளுக்குச் சீனி இல்லை.

ஜூலையில் வைத்தியர் தாளைப் பார்த்தார். ஏழு தசம் ஏழு. என்ன செய்தீர்கள் என்று கேட்டார். குரக்கனின் ஜேர்மன் பெயரைச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதில்லை. எழுத்துக்கூட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டார். பிறகு என் நிறையைப் பார்த்தார். நாலு கிலோ குறைந்திருந்தது.

"இது தானியத்தாலா, குறைவாகச் சாப்பிட்டதாலா, மருந்தை ஒழுங்காகப் போட்டதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது" என்றார். சரியான பதில். பிறகு படிவத்தில் சிகிச்சையில் மாற்றம் இல்லை என்ற பெட்டிக்குப் புள்ளடி போட்டார். என் கைகள் மடியில் இருந்தன. நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. வீட்டுச் சாவிக்குப் பிரதி வெட்டத் தேவை இல்லை.

அன்று பின்னேரம் தொலைபேசி அடித்தது. என் மனைவி அவருடைய மனைவிக்குச் சொல்லியிருக்கிறாள்.

"அண்ணை, எவ்வளவு வந்தது?"

"ஏழு தசம் ஏழு."

"நான் சொன்னனான் எல்லே! சனிக்கிழமை ஹோலில உங்கட பேரைச் சொல்லட்டோ? நீங்கள் சொன்னா எல்லாரும் நம்புவினம். உங்களுக்கு ஒண்டும் பிடிக்காது எண்டு எல்லாருக்கும் தெரியும்."

"சொல்லுங்கோ. குளிசையும் ஒருநாளும் விடாமல் போட்டவர் எண்டு சேர்த்துச் சொல்லுங்கோ."



"அது நீட்டாப் போகும் அண்ணை."

"அப்ப நான் வந்து சொல்லுறன்."

"நீங்கள் வரவேண்டாம்."

"மா எடுக்க வரத்தானே வேணும்."

வைத்துவிட்டார். சனிக்கிழமை போய்ப் பின்வரிசையில் இருந்தேன். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. குளிசையைப் பற்றிய வசனத்தைச் சொன்னார், மிக வேகமாக, சுவரைப் பார்த்தபடி. முன்வரிசையில் ஒரு பெண் விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கோ என்றாள். பற்களைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னார். பேச்சு முடிந்ததும் காரடிக்குப் போய் இரண்டு பைக்கற் எடுத்தேன். அவர் என்னோடு கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. அடுத்த இரத்தப் பரிசோதனை ஒக்டோபரில்.